ஒல்லியாக இருப்பவருக்கும் ஃபேட்டி லிவர் வருமா?

கேள்வி: எனக்கு வயது 39. உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. ஹெல்த் செக்கப் ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பது) என்று வந்திருக்கிறது. எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 32, நார்மல். வெறும் வயிற்றில் சர்க்கரை 108, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 36, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லையே, இதைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: அவசியம் பொருட்படுத்துங்கள். பயப்பட வேண்டாம், இந்தக் கட்டத்தில் சரிசெய்துவிடலாம்.

உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் உங்கள் பிஎம்ஐ 22.7. இந்தியர்களுக்கான 23 என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நான் கவலைப்படுவது 94 செ.மீ. வயிற்றுச் சுற்றளவைப் பார்த்துத்தான். இந்திய ஆண்களுக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; தொப்பைக்குக் கீழே போடுவதால் அது குறைவாகவே காட்டும். கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வரும் உடல்வாகு நம் ஆண்களிடம் சகஜம். குடலைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புக்கு இன்சுலினின் கட்டுப்பாடு சரியாக எடுபடாது. அது கரைந்து ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. தசை குறைவாக இருப்பதால் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையையும் தசைகளால் முழுதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மிஞ்சுவதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. உங்கள் ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்டிஎல் 40-க்குக் கீழே இறங்கி, சர்க்கரை 100-ஐத் தாண்டியிருப்பதும் இதனால்தான். அப்பாவின் சர்க்கரை நோயையும் சேர்த்துப் பார்த்தால், கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்ஜிபிடி நார்மல் என்று நிம்மதி அடைய முடியாது. கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியவர்களில் சிலருக்குக்கூட அது நார்மலாகவே இருக்கும். ஸ்கேனில் வரும் கிரேடு, கொழுப்பின் அளவைத்தான் சொல்லும், தழும்பைச் சொல்லாது. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயது, எஸ்ஜிஓடி (இதுவும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனைதான்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து மருத்துவரே ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே போனால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும்.

குறட்டை, தைராய்டு குறைபாடு, நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

உங்களைப் போன்ற உடல்வாகுக்கு மூன்று கிலோ குறைந்தாலே பலன் தெரியும். பட்டினி கிடந்து குறைக்காதீர்கள், தசைதான் கரையும். குளிர்பானம், பாட்டில் ஜூஸ், டீயோடு வரும் பிஸ்கட் ஆகியவற்றை முதலில் நிறுத்துங்கள். சோற்றைப் பாதியாக்கி, சுண்டல், முட்டை, மீன் சேருங்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி நேர வேகநடை போதும். அப்புறம், தண்டால், பஸ்கி மாதிரி தசைக்கான பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும். நடக்கிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

'லிவர் டானிக்', மூலிகைப் பொடி எதுவும் வாங்காதீர்கள். சீந்தில் உட்படச் சில மூலிகைகளால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது மாரடைப்பு போன்ற இதய நோய்தான். அதனால் ரத்த அழுத்தத்தையும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பையும் சேர்த்துக் கவனியுங்கள். மூன்று மாதம் கழித்து சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். அப்பாவுக்கும் அந்த ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தழும்பு விழும் ஆபத்து இன்னும் அதிகம்.