நினைவு மங்கிவரும் மூத்த உறவினரை ஆவணப்படமாக எடுப்பது முறையா?

நினைவாற்றல் குறைந்துவரும் உறவினரைப் படம்பிடிப்பது முறையா, எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான், ஆனால் சம்மதம் ஒரே நாளில் பெற்று முடிக்கும் காரியமன்று. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள். பின்னாளில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் மறுப்பாகவே கொண்டு கேமராவை நிறுத்திவிடுங்கள்.

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஆலன் பெர்லினர் தம் தாய்வழி உறவினரான கவிஞர் எட்வின் ஹோனிக்கை, அல்சைமர் நோய் முற்றிவந்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சந்தித்துப் படம்பிடித்தார். அந்த ஆவணப்படம் 2012இல் வெளிவந்தது. மொழியையே வாழ்வாகக் கொண்டிருந்தவர் சொற்களை இழப்பதைக் காட்டும் அப்படம், குடும்பத்தினருக்கு அவர் ஏற்படுத்திய காயங்களையும் மறைக்கவில்லை. பாசம் இருக்கிறது என்பதற்காகப் புகழுரையாக எடுத்துவிடக்கூடாது என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இத்தகைய படங்களே காரணம்.

"நினைவிருக்கிறதா?" என்று தொடங்கும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை அவரைத் தேர்வெழுத உட்கார்த்திவிடும். அதற்குப் பதிலாகப் பழைய புகைப்படத்தையோ, அவர் நெடுங்காலம் பயன்படுத்திய கருவியையோ கையில் கொடுங்கள். பெயர்களும் தேதிகளும் மறைந்த பின்னும் கைப்பழக்கம் பெரும்பாலும் நீடிப்பதால், நூலை எச்சில் தொட்டு முறுக்கி ஊசியில் கோக்கும் விரல்கள் நீண்ட நேர்காணலைவிட அதிகம் சொல்லக்கூடும். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்று நேரம் கேமராவை ஓடவிடுங்கள்.

படத்தொகுப்பின் முதல் வடிவத்தை, வெளியிடுவதற்கு முன்பாக, அவருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.