பிக்கப்பை உயர்த்துவதற்கு முன்: பின்தட்டில் என்ன ஏற்றுகிறீர்கள்?

சிங்கப்பூரில் பிக்கப் வைத்திருக்கும் நண்பர்கள் சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட் (வண்டியின் உடலை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) பற்றிக் கேட்டவற்றை ஒன்றாகத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி ஒன்றேதான்: குறைந்த செலவில் எத்தனை அங்குலம் ஏற்றலாம்? என் பதிலும் எல்லாருக்கும் ஒன்றுதான். அங்குலத்தைப் பிறகு பார்ப்போம், சுமையை முதலில் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அண்ணே, குளிரூட்டி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். இசுசு டி-மேக்ஸின் பின்தட்டில் கருவிகளும் எரிவாயு உருளைகளுமாக 250 கிலோ எப்போதும் இருக்கும். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. மூன்று அங்குல கிட் போட்டால் சரியாகும் என்கிறார்கள். கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான்.

தம்பி, உங்களுக்கு லிஃப்ட் கிட்டே தேவையில்லை. தேவை உங்கள் சுமைக்கு ஏற்ற பின் ஸ்பிரிங்.

முதலில் அளந்து பாருங்கள். பின்தட்டைக் காலி செய்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளவெடுங்கள். பிறகு வழக்கமான சுமையுடன் அளவெடுங்கள். காலியாக இருக்கும்போதே தாழ்ந்திருந்தால் கமான் பட்டைகள் (பின் ஸ்பிரிங்காக வேலை செய்யும் வளைந்த எஃகுப் பட்டைகள்) தளர்ந்துவிட்டன. காலியில் சரியாக இருந்து சுமையில் மட்டும் அதிகம் அமுங்கினால், பட்டைகளின் வலு உங்கள் தொழிலுக்குப் போதவில்லை. இடம் வலம் வேறுபட்டால் பட்டை ஏதேனும் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் ஒரே வண்டிக்குச் சுமைவாரியாக வெவ்வேறு ஸ்பிரிங்குகளை விற்கிறார்கள். கடைக்காரரிடம் ‘எப்போதும் இருக்கும் சுமை’ எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ஏற்றும் சுமையைச் சொல்லிவிட்டால் கடினமான ஸ்பிரிங் வந்து சேரும். காலி வண்டி மழையில் நனைந்த விரைவுச்சாலையில் பின்பக்கம் துள்ளும். உங்கள் 250 கிலோ நிரந்தரம் என்பதால் தேர்வு எளிது. பின் கமான் பட்டை ஒரு ஜோடி, அதற்குப் பொருந்தும், துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி, பட்டையை அச்சோடு பிணைக்கும் புதிய யூ-போல்ட்டுகள். முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸ்பிரிங் வலுவானால் வண்டி கூடுதலாகச் சுமக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவில் உள்ள அதிகபட்ச எடை அப்படியேதான் இருக்கும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: முன்பக்கத்துக்கு ஸ்பேசர் மட்டும் சில நூறு வெள்ளிக்குள் முடிகிறது. முழு செட் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஸ்பேசர் போதாதா?

உயரம் மட்டும் வேண்டுமென்றால் போதும். ஓட்டம் மேம்பட வேண்டுமென்றால் போதாது.

இன்றைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் பிக்கப்புகள் எல்லாவற்றிலும் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசையும். ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும். ஸ்பேசர் அந்தத் தூணின் தலையில் வைக்கும் உலோக வளையம், அவ்வளவுதான். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைப்பவை மேல் கை, கீழ்க் கை என்னும் இரண்டு கைகள்; தூண் கீழ்க் கையின் நடுப்பகுதியில் பொருந்துவதால், 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் வண்டி ஏறக்குறைய அதன் இரு மடங்கு உயரும். ‘ஓர் அங்குல ஸ்பேசர்’ என்று வாங்கி வந்து, வண்டி இரண்டு அங்குலம் எழுந்து நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு.

ஸ்பிரிங் பழையது, ஷாக்கும் பழையது, குழியில் விழும்போது அதே அடி. சக்கரம் கீழே இறங்கும்போது மட்டும் நிலைமை மோசமாகும்: மேல் கை தன் எல்லையில் முட்டும், நான்கு சக்கர ஓட்ட வண்டியில் முன்சக்கரத்துக்கு விசை கடத்தும் சிவி ஜாயின்ட் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும், அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறிக்கும். ஸ்பேசரில் மிச்சம் பிடித்ததை அச்சில் கொடுப்பீர்கள்.

பணம் குறைவென்றால் நான் சொல்லும் வழி: இந்த ஆண்டு நல்ல ஷாக்குகள், அடுத்த ஆண்டு ஸ்பிரிங்குகள். முன்தூணை இரண்டு முறை கழற்றும் கூலி வீணாகும் என்பதால், முன்பக்கத்தில் மட்டும் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். உயரம் 40 மில்லிமீட்டர் போதும். ஐம்பதைத் தாண்டினால் மேல் கை மாற்றம், டிஃபரன்ஷியலை (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) கீழிறக்கும் துண்டு, நீளமான பிரேக் குழாய் என்று பில் நீளும்.

ஈசூன் வாசகர்: பின்பக்கத்துக்குப் பிளாக், ஷேக்கிள், கூடுதல் பட்டை. எது மலிவு, எது நல்லது?

மலிவு பிளாக், அதாவது ஒரு கட்டை. அதை அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே வைப்பார்கள். வேகமாக முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ள அது இன்னும் இடம் கொடுக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பட்டறையைக் கண்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கினால், கூட்டும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். பட்டையின் கோணமும் மாறும். சுமை ஏற்றுபவர்களுக்குக் கூடுதல் பட்டை பரவாயில்லை. எதைப் போட்டாலும் பழைய யூ-போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும்.

தெம்பனிஸ் வாசகி: சட்டப்படி அனுமதி வேண்டுமா?

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன் அனுமதி வேண்டியவை, அறவே கூடாதவை. நீங்கள் வாங்கும் கிட்டில் உள்ள ஒவ்வொரு உறுப்பும் எதில் சேரும் என்பதை ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் பாருங்கள். பிறகு பாகத்தின் பெயருடன் ஆணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்னும் பட்டறைப் பேச்சு பரிசோதனை நிலையத்தில் எடுபடாது. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள் சகோதரி. பலர் இதை மறந்துவிட்டு விபத்துக்குப் பிறகுதான் வருந்துகிறார்கள்.

சிராங்கூன் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடி நிறுத்துமிடத்தில் இடிக்குமா?

பெரும்பாலான பிக்கப்புகள் 1.8 மீட்டர் அளவில் நிற்பவை. 40 மில்லிமீட்டர் உயர்த்தியதால் மட்டும் இடித்துவிடாது. கூரையில் ஏணித் தாங்கி வைத்திருந்தால் கதை வேறு. நிறுத்துமிடத்துக்கு நிறுத்துமிடம் எல்லை மாறும். ஏணியோடு சேர்த்து அளந்து, அந்த எண்ணைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

ஜூரோங் வாசகர்: உயர்த்திய கையோடு பெரிய டயரும் போடலாமா?

265/65 ஆர்17-லிருந்து 265/70 ஆர்17-க்குப் போனால் டயரின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும். வண்டிக்குக் கிடைக்கும் உயரம் அதில் பாதி, 13 மில்லிமீட்டர். ஆனால் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 3.4 விழுக்காடு கூடுதலாக ஓடும். பழைய டயரில் மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இனி அது 70 காட்டும்போது நீங்கள் 72-க்கு மேல் போவீர்கள். இலகு சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் உச்சவரம்பே 70 என்பதை மறக்க வேண்டாம். எரிபொருளும் கூடும். நகருக்குள் ஓட்டுபவருக்கு இதில் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

சுவா சூ காங் வாசகர்: வாகன உரிமைச் சான்றிதழ் இன்னும் இரண்டு ஆண்டுதான். செலவழிக்கலாமா?

புதுப்பிக்கும் எண்ணம் இல்லையென்றால், ஷாக் கசிந்தால் மாற்றுங்கள். அதற்குமேல் ஒரு வெள்ளியும் வேண்டாம்.

கிராஞ்சி வாசகர்: பின்தட்டில் வேலையாட்களை ஏற்றிச் செல்கிறோம். இரண்டு அங்குலம் உயர்த்தினால்?

கூடாது. ஏறி இறங்குவதும் கடினம், வளைவில் சாய்வதும் அதிகம். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

அட்மிரல்ட்டி வாசகர்: மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாதி விலைக்குச் செய்கிறார்களே?

கூலி குறைவு என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூரில் பதிந்த வண்டிக்கு எங்கே மாற்றினாலும் இங்குள்ள விதிதான். பொருத்திச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்காக ஜொகூர் எல்லைப் பாலத்தில் இன்னொரு முறை வரிசையில் நிற்கும் நேரத்தையும் விலையில் சேருங்கள். பெட்டியில் பாக எண் இல்லாத ‘அதே பிராண்ட்’ ஷாக்கை வாங்காதீர்கள்.

அதே வாசகர்: ஏற்கெனவே அங்கே பொருத்திவிட்டேன் அண்ணே. ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை, கிறீச்சென்று சத்தமும் வருகிறது.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஸ்டியரிங் அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு. முன்பக்கம் உயர்ந்தால் அது குறையும். வீல் அலைன்மென்ட் செய்து, அளவுத்தாளை அச்சிட்டு வாங்குங்கள். காஸ்டரை வரம்புக்குள் கொண்டுவர முடியவில்லை என்றால் உயரத்தைக் குறையுங்கள், அல்லது மேல் கையை மாற்றுங்கள். சத்தம் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷிலிருந்து வரலாம். வண்டியைத் தூக்கி வைத்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கத்தும், பிறகு கிழியும். போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

உங்களுடையது பழைய ஹைலக்ஸ் என்றால் பின் அச்சுக்கு மேலே ஒரு கம்பியோடு இணைந்த பிரேக் வால்வு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்பக்கத்தை உயர்த்தினால் பின்தட்டு காலி என்று எடுத்துக்கொண்டு, அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியின் பிடியை உயர்த்திய அளவுக்கேற்ப மாற்றிப் பொருத்த வேண்டும். இதைச் செய்யும்வரை சுமை ஏற்றாதீர்கள். முகப்பு விளக்கையும் கீழ்நோக்கித் திருத்துங்கள். எதிரில் வருபவர் கண் கூசும்.