அமெரிக்காவில் ஒரு பள்ளி மல்யுத்தப் பயிற்சியாளரை ஊரே கொண்டாடுவது ஏன்?

பதக்கங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இது புரியாது. அங்கே பள்ளிப் பயிற்சியாளர் பல இடங்களில் அதே பள்ளியின் ஆசிரியர்தான். பயிற்சிக்காகச் சம்பளத்தோடு ஒரு சிறு தொகை கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஒரே பள்ளியில் இருபது, முப்பது வருடம் இருந்துவிட்டால், அப்பாவுக்கும் பிறகு அவர் மகனுக்கும் அவரே பயிற்சி தந்திருப்பார்.

அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ வெஸ்ட் பள்ளியில் இருந்த பாப் சிடன்ஸ் நல்ல உதாரணம். 1950 முதல் 1977 வரை அங்கே பயிற்சி தந்தார். அவருடைய அணி 11 முறை மாநிலப் பட்டம் வென்றது. அவரிடம் பயின்ற டான் கேபிள் பள்ளிக் காலத்தில் ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். அப்புறம் அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளராகி 15 தேசியப் பட்டங்களை வாங்கித் தந்தார். ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் தாக்கம் இப்படித்தான் சங்கிலியாக நீளும்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: எடைக் கட்டுப்பாடு. மல்யுத்தத்தில் எடை வாரியாகப் பிரித்தே மோதவிடுவார்கள் என்பதால், பட்டினி கிடந்து எடை குறைத்துக் கீழ்ப் பிரிவில் ஆடும் ஆசை பையன்களுக்கு வரும். 1997-இல் இப்படி எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி வீரர்கள் இறந்தார்கள். பள்ளி அளவிலும் பின்னர் நீர்ச்சத்துப் பரிசோதனை, உடலில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுப்பு அளவு, வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கக் கூடாது என விதிகள் வந்தன. விதி எழுதியாயிற்று, சரி. தினமும் பார்த்து, "நீ மேல் பிரிவிலேயே ஆடு" என்று சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர்தான். அதனால் ஒரு பட்டம் கைநழுவினாலும் சொல்பவரைத்தான் பெற்றோர்கள் நம்புகிறார்கள்.