ரப்பரும் என்.எம்.ஆர். ஆய்வும்: மகளின் பிஎச்.டி. குறித்து ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த தங்கள் மகள், வல்கனைஸ் செய்த (கந்தகத்தோடு சூடாக்கிய) ரப்பரின் குறுக்குப் பிணைப்புகளை என்.எம்.ஆர். என்னும் அணுக்கரு காந்த ஒத்திசைவு முறை கொண்டு ஆராயும் பிஎச்.டி. பணியில் சேர விரும்புவதாகவும், கதிர்வீச்சு, வேலை ஆகிய இரண்டையும் எண்ணித் தாங்கள் உறக்கமிழந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கதிர்வீச்சு அச்சத்தை இன்றே விட்டுவிடலாம். அந்த முறையின் பெயரில் ‘அணுக்கரு’ இருந்தாலும், அங்கே எந்த அணுவும் பிளக்கப்படுவதில்லை. காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குத் தரும் பதிலைத்தான் கேட்கிறார்கள். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

தங்கள் மகள் செய்யப்போவது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் தங்களுக்கு அதில் பாதி முன்பே தெரியும். பாலில் ஆசிட் சேர்த்து உறைய வைத்து அடிக்கும் ஷீட், வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கியபோது அந்தக் குறை நீங்கியது. நீண்ட ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டு ஒரே வலையாக்கிவிட்டதே காரணம். இந்த முடிச்சுகளே குறுக்குப் பிணைப்புகள். முடிச்சு குறைந்தால் ரப்பர் தொய்யும், மிகுந்தால் இறுகி எளிதில் உடையும். ஆகவே முடிச்சுகள் எத்தனை, அவை எங்கும் சீராகப் பரவியுள்ளனவா என்று அறிவதே இத்துறையின் பெரிய கேள்வி. டொலுவின் என்னும் கரைப்பானில் ரப்பரை ஊறவைத்து எவ்வளவு உப்புகிறது என்று பார்த்து, 1943-இல் வந்த ஃப்ளோரி–ரேனர் சமன்பாட்டால் கணக்கிடும் பழைய முறை இன்றும் நல்ல முறைதான். ஆனால் அது சராசரியை மட்டுமே சொல்லும். என்.எம்.ஆர். வேறு வழியில் செல்கிறது. கட்டில்லாத சங்கிலி எல்லாத் திசையிலும் புரள்வதால் அதன் ஹைட்ரஜன்களுக்கு இடையிலான காந்தத் தாக்கம் ஏறத்தாழ முழுதும் அழிந்துவிடும். இரு முனையும் முடிச்சில் சிக்கிய துண்டுக்கோ அந்தச் சுதந்திரம் இல்லாததால் தாக்கத்தில் ஒரு சிறு பங்கு மிஞ்சுகிறது, துண்டு குட்டையாக இருக்குமளவு மிச்சமும் கூடுகிறது. இந்த மிச்சத்தை அளந்தால் முடிச்சுகளின் அடர்த்தி மட்டுமன்றி, அதன் சீரின்மையும், ஒரு முனை மட்டும் கட்டுண்டு தொங்கும் பயனற்ற சங்கிலிகளின் பங்கும் தெரியவரும். ஜெர்மனியின் ஹாலே நகரில் கே சால்வேக்டர் குழுவினர் வளர்த்தெடுத்த இரட்டைக் குவாண்டம் முறை இதற்காகவே பெயர் பெற்றது.

இனி வேலை. இங்கேதான் நான் தங்களை எச்சரிக்க வேண்டும். இவ்வகை ரப்பர் ஆய்வு பெரும்பாலும் 20 மெகாஹெர்ட்ஸ் அளவிலான, மேசைமேல் வைக்கும் சிறு கருவியில் தளர்வு நேரத்தை, அதாவது ரேடியோ அலையால் தூண்டப்பட்ட அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, அளப்பது. மருந்து நிறுவனங்கள் என்.எம்.ஆர். தெரிந்தவரைத் தேடும்போது எதிர்பார்ப்பதோ, 400 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலுமான கருவியில் நிறமாலையைப் படித்து மூலக்கூறின் அமைப்பைச் சொல்லும் திறன். பெயர் ஒன்று, தொழில் இரண்டு. முதலாவதை மட்டும் கற்றுப் பட்டம் பெற்றால் வாசல்கள் குறையும் என்பது என் உறுதியான கருத்து. டயர் ஆலைகளிலும் அன்றாடச் சோதனை, ரப்பர் சூட்டில் இறுகுவதை அளக்கும் ரியோமீட்டரிலும், அதை இழுத்துப் பார்க்கும் இழுவிசைக் கருவியிலும்தான் நடக்கிறது. அவற்றையும் கையால் இயக்கியவரையே ஆய்வுப் பிரிவில் விரும்புவர். ஆதலால் தங்கள் மகள் நிறமாலை படித்தல், ரியோமீட்டர், இழுவிசைக் கருவி ஆகிய மூன்றையும் பழகுவதற்கு அந்த ஆய்வகத்தில் வழியிருக்கிறதா என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023-ஆம் ஆண்டிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை என்பதால் தங்கள் கைப்பணம் செலவாகாது. உதவித்தொகை உறுதியாகாமல் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சேரும் முன், வழிகாட்டியிடம் தங்கள் மகளே நேரில் கேட்கட்டும்: கருவி துறைக்குச் சொந்தமா, வெளியில் நேரம் வாங்கி அளக்க வேண்டுமா? அது பழுதானால் எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? முன்பு இங்கே முடித்த மாணவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? அந்த மாணவர்களில் ஒருவரிடமாவது தொலைபேசியில் பேசிவிட்டு, கிடைத்த பதில்களை எனக்கு எழுதச் சொல்லுங்கள். அதன்பின் மூவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்.