பழைய ரவுட்டரில் புது ரோமிங்: மலையூர் வாசகர்களின் கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து, ஹோம்ஸ்டே நடத்தும் வாசகர்: எங்களிடம் மூன்று பழைய டிபி-லிங்க் 841என் ரவுட்டர்கள் இருக்கின்றன. விருந்தினர் வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே ஹாலிலிருந்து தோட்டத்து அறைக்கு நடந்தால் கால் அறுந்துவிடுகிறது. புதிதாக வாங்காமல் இதிலேயே, கால் அறாமல் ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்கு மாறும் ரோமிங் வசதியைக் கொண்டுவர முடியுமா?

முதலில் மூன்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். வெளியே ஒரே பெயர்தான், உள்ளே இருப்பது வேறு வேறு. 8, 9-ஆம் வெர்ஷன்களில் மென்பொருள் குடியிருக்கும் ஃபிளாஷ் 4 எம்பி, அது ஓடும் ராம் 32 எம்பி. 13-இல் 8 எம்பி, 64 எம்பி. அதற்குப் பிறகு வந்த 14-இல் மறுபடியும் 4-க்கும் 32-க்கும் இறங்கிவிட்டார்கள்.

ரோமிங்குக்கான 802.11ஆர் 2008-இலேயே வந்த தரம். அதன் வேலையில் பெரும்பகுதி ரேடியோ சிப்பில் நடப்பதில்லை. ரவுட்டருக்குள் ஓடும் ஹோஸ்ட்ஏபிடி என்ற மென்பொருளில் நடக்கிறது. அதனால் கம்பெனி ஃபெர்ம்வேரில், அதாவது ரவுட்டரோடு வந்த மென்பொருளில், இந்த வசதி இல்லாவிட்டாலும் ஓபன் டபிள்யூஆர்டி என்ற இலவச மாற்று ஃபெர்ம்வேரைப் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். தடையாக நிற்பது இடம் மட்டுமே.

உங்களிடம் இருப்பது 13 என்றால் தாராளமாகச் செய்யுங்கள். 4 எம்பி பெட்டி என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். ஓபன் டபிள்யூஆர்டியில் அந்த அளவுக்கான ஆதரவு 19.07 வரிசையோடு நின்றுவிட்டது. அதன் கடைசி வெளியீடு வந்தது 2022 ஏப்ரலில். எப்படியோ திணித்து ஏற்றினாலும், நாலைந்து போன்கள் சேர்ந்ததும் 32 எம்பி ராம் திணறும். விருந்தினர் வந்து தங்கும் இடத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

கொடைக்கானலிலிருந்து: என் ரவுட்டரில் 8 எம்பி ஃபிளாஷ். ஓபன் டபிள்யூஆர்டி போட்டாயிற்று. ஹோஸ்ட்ஏபிடி அடங்கிய முழு டபிள்யூபேட் பேக்கேஜை நிறுவப் போனால் இடமில்லை என்கிறது. ஏற்கெனவே இருந்த சின்னதை நீக்கிப் பார்த்தேன், அப்போதும் இடம் கூடவில்லை. ஏன்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபெர்ம்வேரோடு வந்த பேக்கேஜ்கள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட பகுதியில் இருக்கின்றன. அதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அச்சான புத்தகத்தில் ஒரு பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டால் பக்கம் குறைந்துவிடுமா? அதே கதைதான். நீங்கள் நீக்கியபோது 'இது இனி இல்லை' என்ற குறிப்பு மட்டும், எழுத முடிகிற ஓவர்லே பகுதியில் ஏறியிருக்கும். புதிதாக நிறுவுவதும் அந்தச் சின்ன ஓவர்லேயில்தான் போய் உட்கார வேண்டும்.

அதனால் நிறுவிய பிறகு கூட்டிக் கழிக்காதீர்கள். இமேஜ், அதாவது ரவுட்டரில் ஏற்றும் ஃபெர்ம்வேர் கோப்பு, தயாரிக்கும்போதே கழித்துவிடுங்கள். ஓபன் டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரில் செய்யலாம். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் அவர்களுடைய ஃபெர்ம்வேர் செலக்டர் தளத்திலேயே பேக்கேஜ் பட்டியலைத் திருத்தி இமேஜ் கேட்கலாம். வேண்டாத பேக்கேஜின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். இப்படிச் செய்தால் நீங்கள் சேர்ப்பதும் சுருக்கப்பட்டே உள்ளே போகும்.

எதைக் கழிப்பது? இந்தப் பெட்டி இணைய இணைப்பைப் பெற்றுப் பங்கிடும் ரவுட்டராக இல்லாமல், கேபிளில் வருவதை வைஃபையாக விடும் அக்சஸ் பாயின்டாக மட்டும் இருக்கப்போகிறது என்றால் இணைய கம்பெனியோடு இணைக்கும் பிபிபி, பிபிபிஓஇ, காவலுக்கு இருக்கும் ஃபயர்வால், ஐபி முகவரி கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க், ஓடிஹெச்சிபிடி எதுவும் வேண்டாம். அந்த வேலையை உங்கள் முதல் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். லூசி என்ற வலைப்பக்க முகப்பைக் கடைசியாகத்தான் கழிக்க வேண்டும். அது போனால் எல்லாமே எஸ்எஸ்ஹெச் வழியாக, கட்டளைகளைத் தட்டித்தான். இன்னொன்று, டிஎன்எஸ்மாஸ்க் இல்லாத பெட்டி லேப்டாப்புக்கு ஐபி கொடுக்காது. முதல் தடவை நுழையும்போது லேப்டாப்பில் 192.168.1.2 என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ரவுட்டர் செத்துவிட்டது என்று பயப்படுபவர்கள் நிறைய.

எதைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டபிள்யூபேட்-மினியில் 802.11ஆர் கிடையாது. டபிள்யூபேட்-பேசிக்கில் உண்டு, ஆர் மட்டும் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். போனை வேறு ரவுட்டருக்குப் போகச் சொல்லும் 802.11வி வேண்டுமென்றால்தான் முழு டபிள்யூபேட் தேவை. அதிலும் எம்பெட்டிஎல்எஸ் என்ற குறியாக்க நூலகம் சேர்ந்த பதிப்பை எடுங்கள், ஓபன்எஸ்எஸ்எல் சேர்ந்தது இடத்தை விழுங்கும்.

ஃபிளாஷ் செய்யும்போது கேபிள் வழியாகச் செய்யுங்கள், ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில், எப்போது கரண்ட் போகும் என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது.

குன்னூரிலிருந்து: புது வெளியீட்டிலிருந்து டபிள்யூபேட் கோப்பை மட்டும் எடுத்து என் பழைய ஃபெர்ம்வேரில் போட்டால் ஓடாதா?

ஓடாது. அந்தக் கோப்பு தன்னோடு வந்த நூலகங்களின் குறிப்பிட்ட பதிப்பைத் தேடும். அந்த அளவுக்கு வேலை செய்யத் தயார் என்றால் முழு இமேஜையும் மூலத்திலிருந்தே கட்டிவிடுங்கள்.

பழைய ஃபெர்ம்வேரிலேயே இருந்துகொண்டு 802.11ஆரை மட்டும் போடுவதில் ஆபத்தும் உண்டு. 2017 அக்டோபரில் வெளியான கிராக் என்ற வைஃபை பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை போன், லேப்டாப் பக்கம்; அக்சஸ் பாயின்ட் பக்கம் இருந்த முக்கியமான ஓட்டையோ இந்த 802.11ஆரிலேயே இருந்தது. அதற்கு முந்தைய ஃபெர்ம்வேரில் ஆரைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

உதகையிலிருந்து: எல்லாம் போட்டாயிற்று. ஆனாலும் போன் முதல் ரவுட்டரையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது மாறுவது என்பது போன் எடுக்கும் முடிவு, ரவுட்டர் கட்டாயப்படுத்த முடியாது. ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். உங்கள் முதல் ரவுட்டர் முழுச் சக்தியில் வீடு முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் போன் எதற்கு நகரும்? டிரான்ஸ்மிட் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நடந்து பாருங்கள். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் என்றால் ஒரு சுவர் தாண்டியதுமே சிக்னல் விழும், அங்கே அதிகம் குறைக்க வேண்டியிருக்காது. மரத் தடுப்பு வீடுகளில் நன்றாகவே குறைக்கலாம்.

சாதாரணப் பாஸ்வேர்டு வைஃபையில் ஆர் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சம்தான். ஆளுக்கொரு லாகின் வைத்து ரேடியஸ் சர்வரில் சரிபார்க்கும் கல்லூரி, அலுவலகங்களில்தான் அதன் பலன் பெரிது. வீட்டில் அதிக நேரம் போவது அடுத்த ரவுட்டரைத் தேடுவதில். அதைக் குறைப்பது 802.11கே தரும் பக்கத்து ரவுட்டர் பட்டியல். அந்தப் பட்டியல் தானாக நிரம்பாது. அதை நிரப்பும் உஸ்டீர், டான் என்ற மென்பொருள்கள் இரண்டில் ஒன்றை எல்லாப் பெட்டியிலும் ஓட விடுங்கள்.

ஆர் சரியாக இருக்க, எல்லா ரவுட்டரிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, இவை ஒரே குழு என்று காட்டும் ஒரே நாலெழுத்து மொபிலிட்டி டொமைன் குறியீடு இருக்க வேண்டும். வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 என்றால் 'ஜெனரேட் பிஎம்கே லோக்கலி'யை டிக் செய்யுங்கள், சாவிகளைக் கையால் எழுத வேண்டியிருக்காது. டபிள்யூபிஏ3-இல் அந்தக் குறுக்கு வழி செல்லாது. அப்புறம் காலில் பேசிக்கொண்டே நடந்துபோய், இரண்டாவது ரவுட்டரின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவை, திறந்து பாருங்கள். போன் சேர்ந்த வரியின் கடைசியில் எஃப்டி என்று இருந்தால் வேலை செய்கிறது. ஓபன் என்று இருந்தால் போன் பழைய முறையிலேயே நுழைந்திருக்கிறது.

கூடலூரிலிருந்து: ஆர் போட்டதும் பழைய பிரிண்டர் சேர மறுக்கிறது.

ஆர் இருக்கிறது என்று ரவுட்டர் விடும் அறிவிப்பு சில பழைய டிரைவர்களுக்குப் புரிவதில்லை. ஆர் இல்லாமல் வேறு பெயரில் ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை திறந்து பிரிண்டரை அங்கே விடுங்கள்.

பூம்பாறையிலிருந்து: மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே கேபிள் இழுக்கவில்லை. ரிப்பீட்டராக வைத்தால் போதாதா?

ஒரே ரேடியோ உள்ள பெட்டி ரிப்பீட்டரானால் வேகம் பாதியாகக் குறையும். வாங்கியதையே அதே சேனலில் திருப்பி அனுப்ப வேண்டுமே. ரோமிங் சரியாக அமைந்தாலும் கால் தடுமாறும், அதனால் கேபிள்தான் நல்லது. ஆனால் திறந்த வெளியில் செம்புக் கேபிள் வேண்டாம். 100 மீட்டருக்கு மேல் அது செல்லாது, அதற்குள்ளேயே என்றாலும் இடி மின்னல் காலத்தில் இரண்டு வீட்டு ரவுட்டரும் சேர்ந்து போய்விடும். ஃபைபர் போடுங்கள், உள்ளே உலோகக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஊர் கேபிள் டிவிக்காரரிடம் சொன்னால் இழுத்துத் தருவார். இரண்டு முனையிலும், ஃபைபரை ரவுட்டரின் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று மாட்ட வேண்டும்.