இடதுகை வேகப்பந்து வீச்சாளர், இடதுகை ஆட்டக்காரர்களிடம் மட்டும் அடி வாங்குவது ஏன்?

தம்பிக்கு 17 வயது, டென்னிஸ் பந்தில் ஆடிவிட்டு இப்போது சேலம் லீக்கில் வீசுகிறார், வலதுகைக்காரர்களை யார்க்கரில் (காலடியில் குத்தும் பந்தில்) போல்டாக்குகிறார், இடதுகைக்காரர் வந்தால் ரன் போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப் பந்து வகை எதையும் இப்போது கற்றுத்தர வேண்டாம். கோளாறு கோணத்திலும் சீமிலும்தான் (பந்தின் புடைத்த தையலில்) இருக்கும்.

ஓவர் தி விக்கெட், அதாவது வீசும் கை ஸ்டம்ப் பக்கம் இருக்க வீசினால் அவர் பந்து வலதுகைக்காரரைக் கடந்து ஸ்லிப் பக்கம் போகும். அதே கோணம் இடதுகைக்காரரின் காலுக்கு வரும். லைன் கொஞ்சம் பிசகினாலே மணிக்கட்டைத் திருப்பி லெக் பக்கம் பிளிக் ஆடிவிடுவார்கள். டென்னிஸ் பந்து 58 கிராம்தான், அதில் சீமும் கிடையாது. விரலைப் பக்கவாட்டில் உருட்டி வீசிப் பழகிய கை, 156 முதல் 163 கிராம் வரை இருக்கும் கிரிக்கெட் பந்திலும் அதையே செய்யும். சீம் தள்ளாடும், ஸ்விங் (காற்றில் வளைவது) வராது, வெறும் கோணம்தான் மிஞ்சும்.

முதலில் மணிக்கட்டைச் சரிசெய்யுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமுக்கு இருபுறம், கட்டைவிரல் அடியில் சீம் மேல், மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால். பளபளப்பான பக்கம் அவருடைய இடப்பக்கமாகவும், சீம் லேசாக வலப்பக்கம் சாய்ந்தும் இருக்கட்டும். இப்படி வீசும் பந்து வலதுகைக்காரருக்கு உள்ளே வரும், இடதுகைக்காரருக்கு வெளியே போகும். ஒரே பந்தில் ஒருவருக்கு எல்பிடபிள்யூ, இன்னொருவருக்கு ஸ்லிப் கேட்ச். வலதுகைக்காரருக்கு ஸ்விங் இல்லாவிட்டால் எல்பிடபிள்யூ கிடைப்பதே கடினம்: அந்தக் கோணத்தில் ஸ்டம்பில் படக்கூடிய பந்து பெரும்பாலும் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருக்கும்.

இடதுகைக்காரருக்கு வீசும் முனை ஸ்டம்பை ஒட்டி வந்து வீசச் சொல்லுங்கள், கோணம் குறையும். ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு ஸ்டம்ப் வெளியே, ஆட்டக்காரரின் ஸ்டம்பிலிருந்து சுமார் 6 மீட்டரில் ஒரு பழைய ஷூவை வைத்து வலையில் குறிபார்க்கட்டும். மேட் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளத்தில்) பந்து எழும்பும் என்பதால் இன்னும் அரை மீட்டர் ஆட்டக்காரர் பக்கம் தள்ளி. ஒட்டி வரும்போது ஃபாலோ த்ரூவை (வீசியபின் ஓடும் ஓட்டத்தை) கவனியுங்கள். கிரீஸிலிருந்து 5 அடி தாண்டியபின், நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஓரடிக்குள் கால் படக்கூடாது. நடுவர் எச்சரித்தபிறகும் ஓடினால் அந்த இன்னிங்ஸில் மறுபடி பந்து வீச முடியாது.

ஸ்லோ கட்டரிலும் (வேகம் குறைத்து வீசும் பந்திலும்) இடதுகைக்காரரிடம் எச்சரிக்கை தேவை. விரலால் வெட்டும் பந்து வலதுகைக்காரரை விட்டு விலகும், அருமையான பந்து. இடதுகைக்காரருக்கு அது உள்ளே வந்து லெக் பக்கச் சிக்ஸருக்கு வாகாக நிற்கும். அவருக்குப் போட்டால் ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியேதான் போட வேண்டும்.

யார்க்கர் இருக்கிறதே என்று எல்லாப் பந்தையும் அங்கே போட விடாதீர்கள். சேலம் மாவட்டத்து இடதுகை வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 ஐபிஎல்லில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்தது யார்க்கரில்தான். ஆனால் 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இடதுகைக்காரர் மேத்யூ வேட் அவரிடம் அவுட்டானது, குட்டையாக வந்த பந்தை புல் ஆடித் தூக்கியடித்து. உடம்பை நோக்கி வரும் அந்தக் கோணம் அங்கே பலமாகிவிடுகிறது. அப்படிக் குட்டையான பந்து ஓவருக்கு ஒன்று போதும், நெஞ்சுயரத்துக்கு. இடுப்புயரத்தில் வந்தால் சுலபமாகத் திருப்பிவிடுவார்கள். அதற்கு முன் ஃபைன் லெக்கையும் டீப் ஸ்கொயர் லெக்கையும் எல்லைக்கோட்டில் நிறுத்தும்படி கேப்டனிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.