புற்றுக்காளான், பச்சைச் செவுள், தென்னை மரத்தடித் தட்டு: மழைக்காலக் கேள்வி-பதில்

வீட்டுப் புல்தரையில் பெரிய வெள்ளைக் காளான்கள் வட்டமாக முளைத்திருக்கின்றன. புற்றுக்காளான் மாதிரியே இருக்கிறது. உரித்த வெங்காயம் போட்டு வேகவைத்தோம், வெங்காயம் கறுக்கவில்லை. சாப்பிடலாமா?

வேண்டாம். வெங்காயம் கறுப்பது, வெள்ளிக்காசு மங்குவது, மஞ்சள்தூளின் நிறம் மாறுவது, பூச்சி கடித்திருப்பது, இவற்றில் எதுவுமே நஞ்சைக் காட்டாது. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பதும் தவறு.

புல்தரையில் வட்டமாக வரும் பெரிய வெள்ளைக் காளான் பெரும்பாலும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான். குடையின் நடுவில் பழுப்புச் செதில்கள் இருக்கும். தண்டில் உள்ள வளையத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்தலாம். மொட்டாக இருக்கும்போது இதன் செவுள்களும் (குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள்) வெள்ளைதான். விரிந்து முதிர்ந்த பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். இளசாகப் பறிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும் வரும்.

சந்தேகம் தீர ஸ்போர் அச்சு, அதாவது செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் தடம், எடுங்கள். விரிந்த குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளின் மேல் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். குடை உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி, இரவு முழுவதும் விடுங்கள். பச்சைத் தூள் படிந்தால் மேற்சொன்ன நச்சுக்காளான். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்புத் தூள் படியும். அச்சே விழவில்லை என்றால் குடை மிக இளசு, அல்லது காய்ந்துவிட்டது, வேறொன்றை வையுங்கள்.

இளஞ்சிவப்பு அச்சு மட்டும் போதாது. என்டோலோமா என்ற நச்சு இனத்துக்கும் அதே நிறம்தான். தண்டு வேராக நீண்டு கறையான் கூடு வரை இறங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

புற்றுக்காளானை வேரோடு தோண்டி எடுக்கலாமா? வீட்டில் வளர்க்க முடியுமா?

அடையாளம் காண ஒன்றை மட்டும் முழுதாகத் தோண்டுங்கள். மற்றவற்றைத் தரை மட்டத்தில் கத்தியால் அறுத்தால் போதும். கடப்பாறை போட்டால் உள்ளே இருக்கும் கறையான் கூடு உடையும். உடைந்தால் அடுத்த ஆண்டு விளைச்சலே சந்தேகம்.

அந்த வேரின் அடியில் இருப்பதைத் தெரிந்துகொண்டால் தோண்ட மனம் வராது. கறையான்கள் மென்ற சருகும் மரத்தூளும் சேர்ந்து, கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த பழுப்பு உருண்டை ஒன்று இருக்கும். அதன் மேல் கடுகளவு வெள்ளை முத்துகள். அவைதான் கறையான்களின் உணவு. பூஞ்சை சருகைச் செரித்துக் கொடுக்கிறது. கறையான் அதற்கு ஈரமும் இடமும் கொடுத்து, வேறு பூஞ்சைகள் வளராமல் பார்த்துக்கொள்கிறது. கறையானைப் பிரித்து இதைக் குடிலில் வளர்ப்பது சிப்பிக்காளான் வளர்ப்பது போல நடக்காது. வித்து கிடைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அரிசிக்காளானும் இதே இனம்தான், ஆனால் அதற்கு நீண்ட வேர் இருக்காது. கறையான்கள் அந்தப் பழுப்பு உருண்டையின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து மண் மேல் பரப்பும்; அவற்றிலிருந்து நூற்றுக்கணக்கில் முளைக்கும்.

கறையான் மருந்து ஊற்றிய புற்றில் வந்த காளானைத் தொட வேண்டாம்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பது உண்மையா?

இடியோடு வரும் மழையும் ஈரக்காற்றும்தான் முதல் காரணம். ஆனாலும் பேச்சை முழுதாகத் தள்ள வேண்டியதில்லை: ஜப்பானின் இவாட்டே பல்கலைக்கழகத்தில் ஷிடாகே என்ற உணவுக்காளான் வளரும் மரக்கட்டைகளுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு கொடுத்தபோது விளைச்சல் கூடியது.

எங்கள் இயற்கைக் குழு கொடைக்கானலில் காளான் நடை போகிறது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மூங்கில் கூடை, செய்தித்தாள், சிறு கத்தி, 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், அளவுகோல், பென்சில். பிளாஸ்டிக் பை வேண்டாம். வியர்த்து இரண்டு மணி நேரத்தில் குழைந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு படம் எடுங்கள்: குடையின் மேல், செவுள், தோண்டிய அடித்தண்டு, சுற்றுப்புறம். அடித்தண்டை விட்டுவிடுவதுதான் எல்லாக் குழுக்களும் செய்யும் தவறு. கொடிய நச்சுக்காளான்கள் உள்ள அமானிட்டா இனத்தின் பை போன்ற உறை மண்ணுக்குள் இருக்கும். கிள்ளி எடுத்தால் அது அங்கேயே நின்றுவிடும். அருகில் நிற்கும் மரத்தின் பெயரையும் குறியுங்கள். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி உள்ள அமானிட்டா மஸ்காரியா பைன் தோப்பில்தான் தென்படும். தென்னிந்தியாவுக்குப் பைன் சொந்த மரம் இல்லை, அதன் வேரோடு ஒட்டி வாழும் இந்தக் காளானும் இங்குள்ள சோலைக்காட்டுக்குச் சொந்தமில்லை.

மாதிரியை 40 முதல் 45 டிகிரி செல்சியஸில், ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை உலர்த்துங்கள். காப்புக்காட்டுக்குள் நுழையவும் பறிக்கவும் வனத்துறை அனுமதி முதலில்.

இரவில் ஒளிரும் காளானைப் படம் எடுப்பது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை நாட்களில், நிலா இல்லாத இரவில், மக்கிய கட்டைகளைப் பாருங்கள். எல்லா விளக்கையும் அணைத்து 20 நிமிடம் காத்திருந்தால்தான் கண்ணுக்கு அந்த மங்கிய பச்சை புலப்படும். முக்காலி, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, லென்ஸ் முழுத் திறப்பு, 30 விநாடியில் தொடங்குங்கள். ஃபோகஸை முன்பே டார்ச் வெளிச்சத்தில் சரிசெய்துவிடுங்கள்.

தென்னை அடியில் பளபளப்பான செம்பழுப்புத் தட்டு முளைத்திருக்கிறது. பிடுங்கி எறிந்தால் போதுமா?

போதாது. அது கானோடெர்மா என்ற பூஞ்சை, தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோயின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்திருக்கும். தட்டு வந்த மரம் பெரும்பாலும் தேறாது. தூரோடு அகற்றி எரியுங்கள். பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைத்து, அடியைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்தில் 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) 40 லிட்டர் ஊற்றுங்கள். மரத்துக்கு மரம் நீர் பாய விடாதீர்கள். நோய் அந்த நீரோடு போகும்.

காட்டுக்காளான் குழம்பு சாப்பிட்டோம். பத்து மணி நேரம் கழித்து வாந்தி, பேதி. மறுநாள் சரியாகிவிட்டது. இனி பயமில்லையே?

இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். 6 மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்தி கல்லீரலைத் தாக்கும் அமானிட்டா நஞ்சாக இருக்கலாம். இரண்டாம் நாள் உடம்பு தேறியது போலிருக்கும். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும், மூன்றாம் நாளுக்கு மேல் காமாலை தெரியும். சாப்பிட்ட எல்லோரும், நலமாக இருப்பவர்களும் குழந்தைகளும் உட்பட, 108 வண்டியில் போங்கள். மிஞ்சிய குழம்பு, வெட்டி எறிந்த அடித்தண்டு, முளைத்த இடத்தில் நிற்கும் இன்னொரு காளான், எது கிடைத்தாலும் காகிதத்தில் சுற்றி மருத்துவரிடம் கொடுங்கள்.